லாவெண்டர் கொலோன் வாங்கப் போகிறீர்களா? முதல் பத்து நிமிட வாசனையை நம்பாதீர்கள்

லாவெண்டர் செடியை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அதன் வாசனை எல்லோருக்கும் தெரியும். டால்கம் பவுடர், துணி அலசும்போது ஊற்றும் கண்டிஷனர், தரை துடைக்கிற திரவம், ஊதுபத்தி என்று வீட்டில் எங்கு திரும்பினாலும் அது இருக்கிறது. ஆண்களுக்கான லாவெண்டர் கொலோன் வாங்கும்போது பலர் ஏமாறுவதற்கு இந்தப் பழக்கமே காரணம். தெரிந்த வாசனைதானே என்று ஒருமுறை முகர்ந்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் கொடுத்தபோது குளிர்ந்த காற்று அடித்ததுபோல இருந்தது. மறுநாள் காலை போட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். அரை மணி நேரத்தில் லாவெண்டர் காணாமல் போய்விட்டது. மே மாதப் புழுக்கத்தில் சட்டையில் மிஞ்சியது வெனிலா பாகு காய்ச்சியதுபோல ஒரு தித்திப்புதான். மதியத்துக்குள் தலைவலி வந்துவிட்டது. அந்தச் சென்ட்டில் குறை எதுவும் இல்லை. கடையில் நான் முகர்ந்தது அதன் தொடக்கத்தை. நாள் முழுக்க என்னோடு வந்தது அதன் முடிவு.

தொடக்கத்தை வைத்தே முடிவெடுப்பது

லாவெண்டர் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருட்கள். இரண்டுமே சீக்கிரம் ஆவியாகிவிடும். எவ்வளவு உயர்ந்த எண்ணெயாக இருந்தாலும் அதன் கூர்மையான புத்துணர்ச்சி தோலில் நீண்ட நேரம் நிற்காது. வாசனை கலப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் லாவெண்டருக்குக் கீழே மெதுவாக ஆவியாகும் வேறு எதையாவது வைத்துத் தாங்கிப் பிடிப்பார்கள். அந்த அடித்தளம்தான் உங்களோடு மாலை வரை இருக்கப்போவது. லாவெண்டர் சென்ட் வாங்கும்போது உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது அதைத்தான்.

இதில் புகழ்பெற்ற கூட்டணி ஒன்று உண்டு. 1882-இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனத்துக்காகப் போல் பார்கே உருவாக்கிய 'ஃபூஜேர் ரோயால்' என்ற வாசனையில் லாவெண்டர், ஓக் மரப்பாசி, கூமரின் மூன்றும் சேர்ந்தன. கூமரின் என்பது காய்ந்த வைக்கோலை நினைவூட்டும் இனிய மணம். டோங்கா என்ற கொட்டையில் இயற்கையாகவே உள்ளது. 1868-இல் வில்லியம் பெர்கின் அதை ஆய்வகத்தில் தயாரித்த பிறகுதான் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. காட்டுக்குள் நிற்கும் உணர்வுக்காக வைத்த பெயர் அது. இன்று ஆண்களுக்கான சென்ட்களில் பெரிய குடும்பமே இந்த மூன்றின் வழியில் வந்ததுதான். லாவெண்டர் பெண்களுக்கானது என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அடுத்த கிளை வெனிலா. 1934-இல் வந்த, கரோன் நிறுவனத்தின் 'பூர் அன் ஓம்' லாவெண்டரையும் வெனிலாவையும் சேர்த்தது. 1995-இல் வந்த ஜான் போல் கோத்தியேயின் 'ல மால்' கூடவே புதினாவையும் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல வாசனைகள். ஆனால் வெனிலா அடித்தளம் குளிரில் இதமாக இருக்கும். நம் வெயிலில் கனத்துவிடும். பகலில் வெளியே அலையும் வேலை என்றால் வெட்டிவேர் அடித்தளம் உள்ளதைத் தேடுங்கள் என்பேன். 'வெட்டிவர்' என்று உலகமெங்கும் சென்ட் பெட்டிகளில் அச்சாகும் சொல் நம் வெட்டிவேரிலிருந்து போனதுதான். பானைத் தண்ணீரில் போட்ட வேரின் மண்வாசனை லாவெண்டரோடு சேரும்போது வெயிலிலும் திகட்டாது. பென்சாயின் என்று போட்டிருந்தால் சாம்பிராணி வகைப் பிசின் என்று புரிந்துகொள்ளலாம். அதுவும் இனிப்புப் பக்கம் சாய்வது. மாலை நேரத்துக்கு ஏற்றது.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? காகிதப் பட்டையில் முகர்ந்து பிடித்த ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, கைக்கு ஒன்றாகத் தோலில் அடித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டுகளை உரசாதீர்கள், அந்தச் சூட்டில் லாவெண்டர் இன்னும் வேகமாகப் பறக்கும். அப்புறம் எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். டீ குடியுங்கள், வெயிலில் நடங்கள், மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கலாம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

லாவெண்டர் என்றால் ஒன்றுதான் என்று நினைப்பது

மலை உயரத்தில் வளரும் லாவெண்டுலா அங்குஸ்டிஃபோலியாதான் மென்மையான, பூவாசம் மிகுந்த லாவெண்டர். பிரான்ஸின் புரோவான்ஸ் மலைப்பகுதி இதற்குப் பேர்போனது. இந்தியாவில் ஜம்மு காஷ்மீரின் பதர்வா பகுதி விவசாயிகளும் இப்போது பயிரிட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். இதையும் ஸ்பைக் லாவெண்டர் என்ற இனத்தையும் கலந்து பிறந்த கலப்பினம் லாவண்டின். எண்ணெய் அதிகம் தரும், விலை குறைவு. சோப்பிலும் தரை துடைக்கும் திரவத்திலும் போவது பெரும்பாலும் இதன் எண்ணெயோ இதைப்போலச் செய்த செயற்கை மணமோதான்.

வித்தியாசத்தை நம் மூக்கு எளிதாகப் பிடித்துவிடும், ஏனென்றால் அது கற்பூர நெடி. நல்ல அங்குஸ்டிஃபோலியா எண்ணெயில் கற்பூரம் ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. லாவண்டினின் குரோஸோ வகையில் அது சுமார் 6 முதல் 8 சதவீதம் இருக்கும். கோயிலில் ஆரத்தி முடிந்ததும் நிற்கிற அந்த நெடி லேசாக வந்தால் லாவண்டின் பக்கம் சாய்ந்த கலவை என்று ஊகிக்கலாம். அது மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஷேவிங் முடிந்து முகத்தில் பூசும் ஆஃப்டர்ஷேவுக்கு அந்தக் குளிர்ச்சி நன்றாகவே பொருந்தும். சட்டையில் நாள் முழுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

லேபிளில் லினலூல் என்று இருப்பதை வைத்து இயற்கை லாவெண்டர் என்று முடிவுகட்டுவதும் தவறு. அது செயற்கையாகவும் தயாராகிறது, வேறு பல செடிகளிலும் இருக்கிறது. நம் வீட்டு மல்லி விதையின் எண்ணெயிலும் பெரும்பங்கு லினலூல்தான். வறுக்காத தனியாவைக் கையில் நசுக்கி முகர்ந்தால் லாவெண்டரோடு உள்ள உறவு புரியும். செயற்கை என்றவுடன் ஒதுக்கவும் வேண்டாம். ஆய்வகக் கூமரின் வந்திராவிட்டால் மேலே சொன்ன ஃபூஜேர் குடும்பமே பிறந்திருக்காது.

'கொலோன்' என்ற சொல்லில் குழம்புவது

ஒருகாலத்தில் காய்ச்சல் வந்தால் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போட்ட ஓடிகொலோன், ஜெர்மனியின் கொலோன் நகரத்துச் சரக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர், ரோஸ்மேரி போன்றவற்றை நிறைய ஆல்கஹாலில் கரைத்தது. அதில் வாசனைப் பொருள் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்தான். இரண்டு மணி நேரம் நின்றாலே பெரிது. ஆனால் அமெரிக்கர்கள் ஆண்களுக்கான எந்தச் சென்ட்டையும் கொலோன் என்பார்கள். ஆகவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே பொடியாக ஓ டி கொலோன், ஓ டி டாய்லட், ஓ டி பர்ஃபம் இவற்றில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். சொன்ன வரிசையில் செறிவு கூடும். ஓ டி கொலோன் வாங்கிவிட்டு மாலை வரை நிற்கவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை.

எரிந்தால்தான் ஆஃப்டர்ஷேவ் என்ற நம்பிக்கை

இந்தத் தவறுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. கொலோன் சரியில்லை என்றால் காசுதான் நட்டம். ஆஃப்டர்ஷேவ் சரியில்லை என்றால் முகம் பாழாகும். பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. அப்போது எதைப் பூசினாலும் வழக்கத்தைவிட எளிதாக உள்ளே இறங்கும். எரிச்சல் என்பது ஆல்கஹால் அந்தக் காயத்தில் பட்டதன் அடையாளம், அவ்வளவுதான். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஆல்கஹால் ஆஃப்டர்ஷேவ் ஒத்துப்போகலாம். வறண்ட முகம், அடிக்கடி சிவந்துபோகும் முகம், ஷேவிங்குக்குப் பின் பருக்கள் எழும் முகம் என்றால் ஆல்கஹால் இல்லாத 'பாம்' (balm) என்ற களிம்பு வகையை எடுங்கள். தோலை ஈரமாகவும் இதமாகவும் வைக்கும் கிளிசரின், பேந்தெனால், அலன்டாயின் போன்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் நல்லது. வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்க சலூன்காரர் தடவும் படிகாரக்கல் போதும். அதற்கு லாவெண்டர் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. லினலூல் காற்றோடு கலந்து நாள்பட்டால் ஹைட்ரோபெராக்சைடு என்ற பொருட்களாக மாறும். தோல் ஒவ்வாமைக்கு இவை பேர்போனவை. ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலிலேயே தங்கும் பொருட்களில் லினலூல் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் அதன் பெயரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய பாட்டிலை, அதிலும் பாதி காலியாகி உள்ளே காற்று நிறைந்த பாட்டிலை, ஷேவ் செய்த முகத்தில் ஊற்றாதீர்கள். புதிது வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உள்பக்கம் தினம் இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது முகத்துக்கு வேண்டாம்.

இயற்கைதானே என்று லாவெண்டர் எண்ணெயைத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு ஆஃப்டர்ஷேவாகப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் எண்ணெய் கரையாது. மேலே மிதந்து, கலப்பில்லாமல் அப்படியே தோலில் ஒட்டும். எவ்வளவு குலுக்கினாலும் இதேதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெயிலில் வைப்பதும் அளவில்லாமல் அடிப்பதும்

கார் டேஷ்போர்டு, ஜன்னல் விளிம்பு, குளியலறை அலமாரி, இந்த மூன்றும் சென்ட்டுக்கு ஆகாத இடங்கள். சூடும் வெளிச்சமும் முதலில் கெடுப்பது லாவெண்டர், எலுமிச்சை போன்ற மேல்வாசனைகளைத்தான். அதோடு ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், மூடிய காருக்குள் அதை விட்டுவைப்பது ஆபத்து. பீரோவுக்குள், பெட்டியோடு வையுங்கள். இருநூறு மில்லி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காமல், ஒரு வருடத்துக்குள் தீர்ந்துபோகும் அளவு வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் முகத்தில் பூசும் பொருளுக்கு அந்தச் சேமிப்பு வேண்டாம்.

அளவு விஷயத்தில் நம் மூக்கே நம்மை ஏமாற்றும். ஒரே வாசனையோடு சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். லாவெண்டர் சீக்கிரம் இறங்குவதும் இதோடு சேர்ந்துகொள்ள, போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்போம். ஏசி போட்ட அலுவலக அறையில் பக்கத்து இருக்கைக்காரர்தான் பாவம். கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று, அவ்வளவு போதும். நிற்கிறதா என்று தெரியவேண்டுமானால் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும், உங்களை இறுக்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் கேளுங்கள்: "அப்பா மேல இன்னும் வாசனை வருதா?"