கடலோர வீட்டில் டரான்டுலா முட்டைப் பையைப் பொரிக்க வைப்பது எப்படி?

டரான்டுலா என்கிற, உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தியின் இனப்பெருக்கம் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஈரம் கூட்டு, சூடு கூட்டு என்பார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்காற்று அடிக்கிற வீட்டில் அதையே செய்தால் பூஞ்சைதான் மிஞ்சும். என் முதல் முட்டைப் பை ஐப்பசி மழையில் அப்படித்தான் போனது. திறந்து பார்த்தால் முட்டைகள் ஊறிய ஜவ்வரிசி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை.

நான் வளர்ப்பது கர்லி ஹேர் என்கிற டரான்டுலா வகை. ஹோண்டுராஸ், நிகராகுவா பக்கத்து இனம், சாது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். நம் காட்டுச் சிலந்திகளைப் பிடித்து வந்து வளர்க்கவே வேண்டாம்.

1. ஜோடி சேர்ப்பது

கடைசித் தோலை உரித்த ஆணுக்கு முன்காலில் கொக்கி இருக்கும், வாயருகே உள்ள குட்டைக் கால்களின் நுனி குமிழாகத் திரண்டிருக்கும். பெண் அண்மையில் தோல் உரித்து, நன்றாகத் தின்று வயிறு உருண்டிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு பெண் மறுபடி தோல் உரித்தால், சேமித்த விந்து தோலோடு போய்விடும். பொழுது சாய்ந்ததும் ஆண் சிலந்தியைப் பெண்ணின் பெட்டிக்குள் விடுங்கள். அது காலால் தரையைத் தட்டும். சேர்ந்து முடிந்ததும் அட்டையை நடுவே நுழைத்து ஆணை எடுத்துவிடுங்கள்.

2. பை கட்டியதும்

முதல் 30 நாள் தாயிடமே இருக்கட்டும். அதுவே உருட்டிப் பார்த்துக்கொள்ளும். அடிக்கடி தொந்தரவு செய்தால் பையைத் தின்றுவிடவும் கூடும். அந்த அறையில் கொசுவத்தி, எறும்புச் சாக்பீஸ் இரண்டும் கூடாது.

3. தொட்டில்

கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, நீளக் கரண்டியால் பையை எடுங்கள். தாய் முடியை உதறினால் அரிப்பு தாங்காது. பழைய மல் வேட்டித் துணியை அகலமான டம்ளர் வாயில் தொய்வாகக் கட்டி, பையைக் கத்தரியால் பிரித்து முட்டைகளை அதில் கொட்டுங்கள். துளை போட்ட டப்பாவுக்குள் டம்ளரை வையுங்கள். கோடையில் டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சு போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். வெப்பம் 27 டிகிரி அளவில் இருக்கட்டும். அப்புறம் எறும்பு! பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வது போலத் தண்ணீர்த் தட்டின் நடுவே டப்பாவை உயர்த்தி வையுங்கள்.

காலை, மாலை துணியை மெல்லச் சாய்த்து முட்டைகளைப் புரட்டுங்கள். நல்லது வெண்மஞ்சளாக உருண்டையாக இருக்கும். சுருங்கிப் பழுப்பானதை மெல்லிய தூரிகையால் உடனே அகற்றுங்கள்.

4. குஞ்சுகள்

முதலில் முட்டைக்கே கால் முளைத்தது போலத் தெரியும். இரண்டு முறை தோல் உரித்த பிறகுதான் இரை தேடும். ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் விட்டு, கரப்பான் காலொன்றை நறுக்கிப் போடுங்கள். ராத்திரிக்குள் அதைக் கவ்வியிருக்கும்.