நாலு கோழி, நாலு குணம்: புதுக் கோழிகளைக் கைக்குப் பழக்கும் முறை

நாலைந்து மாத வெடைக்கோழிகளை, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டைகளை, வாங்கி வந்து வீட்டில் செல்லமாக வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் முதல் நாளே ஒரு பிடி அரிசியோடு அதுகளின் பின்னால் ஓடுகிறார்கள். கோழி ஓடும், இவர்களும் ஓடுவார்கள். ‘இந்த ஆள் வந்தால் ஓட வேண்டும்’ என்ற ஒரே பாடத்தைத்தான் அன்றைக்கு அது படிக்கும். அதை அழிக்கப் பிறகு பல நாள் பிடிக்கும்.

ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளுக்கே குணம் ஒன்றுபோல இருக்காது. ஒன்று வந்த மறுநாளே காலைச் சுற்றும், இன்னொன்று மாதம் ஆனாலும் மூலையிலேயே நிற்கும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பழக்கப் பார்ப்பதுதான் பாதித் தோல்விக்குக் காரணம்.

வகையைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி சுறுசுறுப்பானது, பறந்து மரத்தில் ஏறும், கைக்கு வர நாளாகும். கடக்நாத் கருங்கோழியும் கூச்சம் அதிகமுள்ளதுதான். வெள்ளை லெகான் சின்னச் சத்தத்துக்கே துள்ளும். ரோட் ஐலண்ட் ரெட், வனராஜா போன்ற உடல் கனத்த வகைகள் பொதுவாகச் சாது. அசில் என்கிற சண்டைக்கோழி வகையில் பெட்டைகள்கூட மனிதரிடம் ஆச்சரியமாக அடங்கியிருக்கும். தங்களுக்குள்தான் அடித்துக்கொள்ளும். முதன்முதலாக வளர்க்கிறவர்கள் மூன்று கோழிக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. இரண்டே இருந்தால் ஒன்று மற்றதை ஓயாமல் விரட்டும். ஒற்றைக் கோழி ஏங்கிப் போகும்.

முதல் வாரம்

சாயங்காலம் பொழுது இறங்கும் நேரத்தில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் அலையாமல் அடங்கும். சந்தையில் வாங்கியது என்றால் கால் கட்டை உடனே அவிழ்த்து, கட்டிய இடத்தில் வீக்கமோ காயமோ உண்டா என்று பாருங்கள். வெகுநேரம் கட்டிக் கிடந்த கோழி எழுந்து நடக்கக் கொஞ்ச நேரம் ஆகும். தண்ணீரை முதலில் வையுங்கள், தீனி பிறகு.

ஒரு வாரம் கூட்டிலும் அதை ஒட்டிய வலையடைப்பிலுமே இருக்கட்டும். அடைப்பு இல்லாவிட்டால் பகலில் பஞ்சாரத்தை (கோழி மூடும் கூடையை) கவிழ்த்து வைக்கலாம். நிழல் இருக்க வேண்டும், ஒரு பஞ்சாரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. கூட்டுக்குள் படுக்க இரண்டு இரண்டரை அடி உயரத்தில் ஒரு குறுக்குக் கட்டை, கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம் வருகிற மாதிரி. முட்டைக் கூடை அதைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கூடையை உயரத்தில் வைத்தால் அதில் ஏறிப் படுத்து எச்சமிட்டு நாசமாக்கும்.

முதல் மூன்று நாள் தொடவே வேண்டாம். தீனி வைக்க, தண்ணீர் மாற்ற மட்டும் போய், எப்போதும் ஒரே மாதிரிக் குரல் கொடுங்கள். ‘பா... பா... பா...’ என்பது போதும். குரல் முதலில், தீனி பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால் புதியவற்றை மூன்று நாலு வாரம் தள்ளியே வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக்கழிச்சல் நோய் ஒன்றில் வந்தால் கூட்டத்தையே காலி செய்துவிடும். பழையவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போக வேண்டும், செருப்பும் தனி. தமிழ்நாட்டில் கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடுகிறார்கள்; விற்றவர் போட்டிருந்தாரா என்று தெரியாவிட்டால் அங்கே கேட்டுவிடுங்கள். இந்தத் தனிமைக் காலத்தைச் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. விரட்டுவதற்குப் பழைய கோழி எதுவும் பக்கத்தில் இல்லாத இந்த நாட்களில்தான் பழக்கம் சுலபமாகப் பிடிக்கும்.

கை வரைக்கும்

கோழியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்துதான், உங்கள் கையும் சேர்த்து. எனவே நின்றுகொண்டு குனிந்து தொடாதீர்கள். தாழ்வான முக்காலியில், கோழிக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கை எப்போதும் கீழிருந்து வரட்டும்.

நல்ல நேரம் சாயங்காலம், கூடு அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தீனித் தட்டை எடுத்துவிட்டால் லேசான பசி இருக்கும். பட்டினி போட்டுப் பழக்குவது வேறு விஷயம், அது வேண்டாம். பசி முற்றினால் ஒன்றையொன்று கொத்தும். வெயில் உச்சியில், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற கோழியை விட்டுவிடுங்கள்.

வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் தீனி எடுக்கும். ஆசைத் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது கோழிக்கு 10 கிராம், ஒரு மேசைக்கரண்டி அளவு. ஊறவைத்த கம்பு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, தேங்காய்த் துருவல் எல்லாம் சரி. உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிக்சர், முறுக்கு, வேகாத காய்ந்த பயறு வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் பொழுது சாய்ந்ததும் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை நிமிர்த்தினால் பானை நிறைய இருக்கும். கரையான் மருந்து அடித்த இடமாக இருக்கக் கூடாது. பானையைத் தூக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவரும் நிலை சீக்கிரமே வந்துவிடும். அதிகம் பயப்படுகிற கோழிக்கு இதையே ஒதுக்கி வையுங்கள்.

நாலாம் நாளிலிருந்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளித் தீனியைத் தூவிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருங்கள். தலையை நிமிர்த்திக் கழுத்தை நீட்டிச் சிலைபோல நின்றால் தூரம் போதவில்லை என்று பொருள், கொஞ்சம் பின்னால் நகருங்கள். இறகு கோதுவது, ஒற்றைக் காலில் நிற்பது, மண்ணில் புரள்வது, தொண்டைக்குள் மெல்ல முனகுவது என்றால் நிம்மதியாக இருக்கிறது. நிம்மதி தெரிகிற அன்றைக்கு மட்டும் ஓரடி குறையுங்கள். பிறகு காலடியில் தட்டு, அப்புறம் மடியில் தட்டு, கடைசியில் உள்ளங்கை.

உள்ளங்கைக்குப் போவதற்கு முன் நீளக் காம்புள்ள கரண்டியில் சில நாள் ஊட்டுங்கள். புதுக் கோழி குறி தவறி விரலில் வலுவாகக் கொத்தும். வலியில் கையை வெடுக்கென இழுத்தீர்களானால் நாலும் சிதறி ஓடும், இரண்டு நாள் பின்னால் போய்விடும். கரண்டியைப் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்தால், கோழிக்குத் தெரியாமலே கை பக்கத்தில் வந்திருக்கும். கையில் ஊட்டும்போது விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும். மெட்டி, மோதிரம், சிவப்பு நகப்பூச்சு எல்லாம் அதற்கு இரைதான். குழந்தைகள் முகத்தைக் கோழிக்குப் பக்கத்தில் கொண்டுபோக விடாதீர்கள், கண்ணில் கொத்திவிடும். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆளுக்கு ஒரு வழி

முந்திரிக்கொட்டை எல்லாக் கூட்டத்திலும் ஒன்று இருக்கும். முதல் நாளே மடியில் ஏறும். அதைப் பழக்க ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் எல்லாத் தீனியும் அதன் வயிற்றுக்கே போய்விடும் என்பதால் இடது பக்கம் தனித் தட்டு வைத்து அங்கேயே நிறுத்துங்கள். அதனால் ஒரு லாபமும் உண்டு. பயந்த கோழிகள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்த்தே பாதி பயம் தெளியும்.

அதிகாரக் கோழி வேறு. அது உங்களிடம் முறைக்காது, மற்றதை அண்ட விடாது. அடிப்பதோ விரட்டுவதோ பயன் தராது. கூட்டத்தின் அடுக்குமுறையை நாம் மாற்ற முடியாது, தீனிக்கு வழி செய்யத்தான் முடியும். கோழிகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, ஆறடி இடைவெளியில் வையுங்கள். ஒன்றைக் காக்க ஓடினால் மற்றது கிடைக்கும். பிடரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உங்கள் காலுக்கே சண்டைக்கு வந்தால் பின்வாங்க வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தி, அடங்கும் வரை சில விநாடி பிடித்திருந்து விடுங்கள்.

பயந்த கோழிக்குத் தீனியை உங்கள் பக்கம் காட்டி அழைக்காதீர்கள். அதற்குப் பின்னால் எறியுங்கள். உங்களைவிட்டு விலகிப் போனாலும் இரை கிடைக்கிறது என்று கண்டதும் அதன் உடம்பு தளரும், திரும்பி வந்து பார்க்கும். உங்களை ஓடாமல் நின்று பார்த்ததா, உடனே நீங்கள் ஓரடி பின்னால் நகருங்கள். அதற்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பரிசு அதுதான். மூலையில் மட்டும் ஒருபோதும் மடக்காதீர்கள். தனியாகப் பிரித்துப் பழக்கவும் வேண்டாம், தனிமையில் இன்னும் மிரளும். ஒரு சாதுக் கோழியைத் துணைக்கு விடுங்கள். இரவில் கட்டையில் படுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே நெஞ்சுப் பக்கம் விரலால் வருடலாம். அப்போதே கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அடையும் நேரத்தில் உருண்டையாக நிறைந்திருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் பகல் முழுக்க அதைத் தின்னவிடவில்லை. காலையிலும் காலியாகாமல் கெட்டியாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாலாவது ரகம் ஒதுங்கி. பயம் கிடையாது, உங்கள் மேல் ஆர்வமும் கிடையாது. தானியத்துக்கு மசியாது. மண்வெட்டியை எடுத்து ஈரமண்ணைக் கொத்திவிடுங்கள், புழுவுக்காக வந்து நிற்கும். இரண்டு மூன்று நாளில் மண்வெட்டிச் சத்தத்துக்கே வரும், பிறகு உங்கள் காலுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே கிளறும். அது மடியில் உட்காராமலே வாழ்நாளைக் கழிக்கலாம். அதை வற்புறுத்துவதில் ஒரு பொருளும் இல்லை.

குணம் என்று தப்பாக எண்ணப்படுபவையும் உண்டு. அடைக்கோழி இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். குஞ்சு பொரிக்கும் 21 நாளும் அப்படித்தான். இறகு உதிர்ந்து புது முளை வரும் சமயத்தில் தொட்டாலே அதற்கு வலிக்கும். முட்டையிடப்போகும் வெடை, கை நீட்டியதும் இறக்கையை விரித்துப் பம்மிக் குந்தும். அதைப் பார்த்து ‘பழகிவிட்டது’ என்று மகிழ்கிறவர்கள் அதிகம். அது சேவலுக்குக் காட்டும் அடக்கம், பருவம் வந்ததன் அடையாளம். முட்டைக் கூடையைத் தயார் செய்யுங்கள்.

தூக்குவது, மருந்து கொடுப்பது

கையில் தின்ன ஆரம்பித்து ஒரு வாரம் போன பிறகு தூக்கிப் பாருங்கள். உள்ளங்கையை நெஞ்சுக்கு அடியில் நுழைத்து, கால்கள் விரலிடுக்கில் வர, மறு கையால் இறக்கைகளை உடம்போடு அணைத்து உங்கள் வயிற்றோடு சேர்த்து வையுங்கள். நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் ஊர் வழக்கமும் இதனாலேயே கெடுதல். குடலெல்லாம் சரிந்து காற்றுப் பைகளை அமுக்கும். முதல் சில தடவை ஒரு நிமிடம் போதும். திமிறும்போது விடாமல், அடங்கிய விநாடியில் தரையில் வைத்து ஒரு கரையானையோ கம்பையோ கொடுங்கள். திமிறும்போதே விட்டால் திமிறினால் விடுவார்கள் என்று படிக்கும்.

மருந்து, தடுப்பூசி, பேன் பார்ப்பது எல்லாவற்றையும் இரவில் கட்டையிலிருந்து எடுத்துச் செய்யுங்கள். தீனி காட்டி அழைத்து அமுக்கிப் பிடித்தால் அந்த அழைப்பு அன்றோடு செத்தது. விருந்தாளிக்குக் காட்டப் பிடித்துத் தருவதும் அதே கேடு.

பழைய கூட்டத்தோடு சேர்க்கும்போது

தனிமைக் காலம் முடிந்ததும் ஒரு வாரம் வலைக்கு இப்புறமும் அப்புறமுமாக, ஒன்றையொன்று பார்த்துத் தின்கிற மாதிரி விடுங்கள். பிறகு சாயங்காலத்தில் சேர்த்துவிடுங்கள், புதியதில் ஒன்றை மட்டும் தனியாக விடாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். ஒளிய இடம் வேண்டும்: சாய்த்த பலகை, கவிழ்த்த கூடை, நாலு செங்கல் மேல் ஒரு தகரம். கொத்துவதும் துரத்துவதும் சில நாள் நடக்கும், குறுக்கே போகாதீர்கள். ரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் அங்கேயே வந்து கொத்தும். காயம் ஆறும் வரை வலைக்கு அப்புறம் இருக்கட்டும், பார்வையிலிருந்து முழுக்க மறைக்காதீர்கள். வெகுநாள் கண்ணில் படாமல் இருந்தால் திரும்பி வரும்போது மறுபடி புதுக் கோழிதான்.

இந்த அமளியில், கைக்கு வந்துகொண்டிருந்த கோழியும் திரும்ப மூலைக்குப் போகும். கரண்டியை எடுத்துக்கொண்டு ஆறடித் தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறை வேகமாக வரும்.