சிங்கப்பூரிலிருந்து தொழில்முறைக் கூடைப்பந்துக்கு: எந்த வயதில் என்ன செய்யவேண்டும்

கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்க சிங்கப்பூரில் நெடுங்காலமாக இருந்தது ஒரே குழு, சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். 2006இல் தொடங்கி, முதல் இரண்டு பருவம் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடி, 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக்குக்கு வந்தது. அதன் இறுதிச்சுற்றுக்கு மூன்று முறை போயிருக்கிறது. ஆனால் அந்த லீக்கே 2020இல் பெருந்தொற்றால் பாதியில் நின்று, 2023இல் சுருங்கிய வடிவில்தான் திரும்பியது. உள்ளூர்த் தேசிய லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்போ வேறு வேலையோ இருக்கிறது. ஆகவே தொழிலாக எடுக்க நினைப்பவர் முதல் நாளிலிருந்தே வெளிநாட்டையும் 3x3 ஆட்டத்தையும் (அரைத்திடலில் அணிக்கு மூவராக ஆடுவது) கணக்கில் வைத்துத் திட்டமிடவேண்டும். இது சீனப் பிள்ளைகளின் ஆட்டம், நமக்கு இடம் கிடைக்காது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால் ஸ்லிங்கர்ஸிலும் தேசிய அணியிலும் நம்மவரான லவின் ராஜ் ஆடியிருக்கிறார். இங்கே திறமையுள்ள பிள்ளையைத் தடுப்பது பெரும்பாலும் 16 முதல் 22 வயது வரையான திட்டமில்லாத ஆண்டுகள்தான்.

முதலில் பார்க்கவேண்டியது கடப்பிதழ். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிரந்தரவாசியாக இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும். பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, 16 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் கடப்பிதழ் பெற்றவர் ‘குடியேறிய ஆட்டக்காரர்’ கணக்கில் வருவார். அப்படிப்பட்டவர் ஓர் அணியில் ஒருவர்தான் இருக்கலாம். அந்த ஓர் இடத்தைப் பெரும்பாலும் உயரமான வெளிநாட்டவருக்கே கொடுப்பார்கள். பிள்ளை சிங்கப்பூர் சட்டையில் ஆடவேண்டும் என்ற எண்ணம் இருந்தால், குடியுரிமை பற்றிய முடிவை 16 வயதுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தேசிய சேவை, அதாவது ஆண்களுக்கான சுமார் இரண்டு ஆண்டுக் கட்டாயச் சேவை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான ஆண்பிள்ளைகளுக்கும் அது உண்டு. 13 வயதிலிருந்தே, மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். நீண்ட காலம் என்றால் உத்தரவாதத் தொகையும் கேட்கலாம். விளையாட்டுக்காகச் சேவையைத் தள்ளிவைப்பது மிக அரிது. 2013இல் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு இருந்ததால்தான். கூடைப்பந்தில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தொடக்கக்கல்லூரி முடித்துச் சேர்பவர் சுமார் 21 வயதில் வெளியே வருவார். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துச் சேர்பவருக்கு 22 ஆகிவிடும். இந்த ஓர் ஆண்டு வித்தியாசம் ஆட்டக்காரருக்குப் பெரியது. சேவைக் காலத்தில் வார இறுதியில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு ஆண்டு ஆட்டக் காணொளி இல்லாமல் வெளியே வருபவரை எந்தக் குழுவும் கூப்பிடாது.

பள்ளிக்கட்டம் ஓரளவு நேரானது. தொடக்கநிலை 6இல் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு (திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் சேரும் வழி) மூன்று தெரிவுகள் வரை கொடுக்கலாம். இடத்தை ஏற்றுக்கொண்டால் பிறகு பொதுச் சேர்க்கையில் வேறு பள்ளி கேட்க முடியாது. பள்ளியின் பெயரைவிட, பயிற்றுநர் யார், உங்கள் பிள்ளையின் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பலமான பள்ளியின் பெஞ்சில் நான்கு ஆண்டு உட்காருவதைவிட, நடுத்தரப் பள்ளியில் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆட்டத்துக்கு 30 நிமிடம் ஆடுவது நல்லது. பல பயிற்றுநர்கள் திடலில் மாண்டரினில்தான் கத்துவார்கள். ‘ஃபாங்ஷோ’ என்றால் தற்காப்பு, ‘லான்பான்’ என்றால் ரிபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ‘க்வாய்’ என்றால் சீக்கிரம். இப்படிப் பத்துச் சொற்களை முதல் வாரமே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அவன் அரை விநாடி பின்தங்கமாட்டான்.

இனிப் பயிற்சி. 1.90 மீட்டருக்குக் கீழ் இருப்பவருக்கு வெளிநாட்டுக் குழு காசு கொடுக்கும் திறமை அநேகமாக இரண்டே: மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சும், எதிரணியின் பந்து கையாளுபவரை முன்னே விடாத தற்காப்பும்.

வீச்சை அக்கம்பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புத் திடலிலேயே பழகலாம், ஆனால் அளந்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்று புள்ளிக் கோடு 2010இல்தான் 6.25 மீட்டரிலிருந்து 6.75 ஆனது, பழைய திடலில் பழைய கோடே இருக்கலாம். வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் அளவு நாடாவை வைத்து 6.75 மீட்டர் இழுத்துச் சாக்கட்டியால் குறியுங்கள். மூலைகளில் மட்டும் 6.60. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்த வளையத்தில் பழகிய கை, உள்ளரங்கில் பந்தைக் குட்டையாகப் போடும். பந்து ஆண்களுக்கு 7ஆம் எண், பெண்களுக்கு 6. சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்து போதும். உள்ளரங்குப் பந்தைச் சிமெண்டில் அடித்தால் சில வாரங்களில் வழவழத்துவிடும்.

எத்தனை வீசினோம் என்பதைவிட எத்தனை விழுந்தது என்று எண்ணுங்கள். ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து விழும்வரை வீசுங்கள். மொத்தம் 50 விழ எத்தனை வீச்சு ஆனது என்று குறித்துவையுங்கள். யாரும் தடுக்காத நிலையில் 110 வீச்சுக்குள் முடிந்தால் 45 விழுக்காடு, அது தொடக்கம்தான். அதன்பின் ஒவ்வொரு ஐந்து வீச்சுக்கும் முன்னால் திடலின் நீளம் முழுக்க ஒருமுறை ஓடிவிட்டு வீசுங்கள். அப்போது வரும் விழுக்காடுதான் ஆட்டத்தில் எதிர்பார்க்கவேண்டிய எண். பந்து வளையத்தின் முன்பக்கம் தட்டித் தட்டி விழாமல் போனால் கால் களைத்திருக்கிறது, கையைத் திருத்தப் போகாதீர்கள். இடமோ வலமோ விலகினால் முழங்கையையும், துணைக்கையின் கட்டைவிரல் கடைசியில் தள்ளுகிறதா என்பதையும் பாருங்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர்க் கணக்கு முக்கியம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் குடிக்கவேண்டும், கொஞ்சம் உப்பும் சேரவேண்டும். புரதம் உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் வேண்டும். 70 கிலோ ஆட்டக்காரருக்கு 112 கிராம். இட்லி சாம்பாரில் மட்டும் அது வராது. முட்டை, கோழி, மீன், சைவமென்றால் பருப்போடு சோயாவில் செய்த தவ்குவா, தெம்பே, கூடவே தயிர் என்று வேளைக்கு வேளை சேர்க்கவேண்டும். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலித்தால் குதிக்கும் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலியோடு ஆடிக்கொண்டே இருந்தால் அது பல மாதம் தொடரும்.

3x3 பக்கம் நம் பிள்ளைகள் தீவிரமாகப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, ஒரு தாக்குதலுக்கு 12 விநாடி, அணிக்கு நால்வர். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க ஆட்டம். 2022 முதல் ஆசியக் கிண்ணமும் சிங்கப்பூரிலேயே நடந்துவருகிறது. தரவரிசைப் புள்ளி ஆட்டக்காரரின் சொந்தக் கணக்கில் ஏறும். கடந்த 12 மாதத்தின் சிறந்த ஒன்பது போட்டிகள் எண்ணப்படும். எனவே ஃபீபா 3x3 தளத்தில் பதிவு செய்துவிட்டு, பதிவான சிறு போட்டிகளிலும் ஆடுங்கள். பெண்களுக்கு இங்கே தொழில்முறைக் குழு இல்லாததால் இந்த வழி இன்னும் முக்கியம்.

அமெரிக்கக் கல்லூரி வழியாகப் போக நினைப்பவர் உயர்நிலை 3இலேயே பாடங்களைப் பார்க்கவேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ சங்கத்தின் முதல் பிரிவு 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 4க்கு 2.3 மதிப்பெண் சராசரியும் கேட்கிறது. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. சம்பளம் வாங்கி ஆடினால் கல்லூரித் தகுதி பாதிக்கப்படலாம். வாங்குமுன் அந்தக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

நேரடியாகக் குழு தேடுபவருக்குக் காணொளிதான் விண்ணப்பம். மூன்று நிமிடத் தொகுப்பு, கூடவே வெட்டாத இரண்டு முழு ஆட்டம். முதல் பத்து விநாடிக்குள் சட்டை எண்ணும், காலணி இல்லாமல் அளந்த உயரமும், கைவிரிப்பு நீளமும் தெரியவேண்டும். உயரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். விமான நிலையத்திலேயே தெரிந்துவிடும். முகவருக்கு ஃபீபா உரிமம் இருக்கிறதா என்று ஃபீபா தளத்திலேயே பாருங்கள். சம்பளம் வருமுன்னே ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவரை விட்டு விலகுங்கள். 18 வயதைத் தாண்டியவர் நாடு விட்டு நாடு மாற, முந்தைய சங்கத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். 18க்குக் கீழ் அந்த மாற்றம் சிறப்புக் காரணம் இல்லாமல் அனுமதிக்கப்படாது.

ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடுங்கள். சம்பளம் வரிக்கு முன்பா, பின்பா? காயம் பட்டால் மீதிப் பருவத்துக்குப் பணம் உண்டா, அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது? வீடு, போக வர விமானச் சீட்டு எழுத்தில் இருக்கிறதா? மருத்துவப் பரிசோதனை எத்தனை நாளுக்குள் முடியவேண்டும்? ‘சோதனைக் காலம்’ என்று ஒரு வரி இருந்தால், குழு எந்த நாளும் திருப்பி அனுப்பலாம் என்று பொருளாகலாம். அதற்குத் தேதி போடச் சொல்லுங்கள். தகராறு வந்தால் ஜெனிவாவில் உள்ள கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் அந்த நாட்டு நீதிமன்றப் படியேறவேண்டியிருக்கும். சிங்கப்பூரில் கையெழுத்திடும்போது, ஊழியராக எடுக்கிறார்களா, சுயதொழில் செய்பவராகவா என்று கேளுங்கள். முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதியும் வேலைக்காய இழப்பீடும் ஊழியருக்கே.

ஊக்கமருந்துத் தடைப்பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1இலும் புதிதாகும். உட்பொருள் அச்சிடாத லேகியம், பொடி, புரதமாவு எதையும் சாப்பிடக் கூடாது. தெரியாமல் உட்கொண்டாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது. ஆஸ்துமா இன்ஹேலருக்கும் வரம்பு உண்டு: சால்பியூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணி நேரத்திலும் 600க்கு மிகாமல்.

சம்பளம் முதல் முறை தாமதமானவுடனேயே குழு மேலாளருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் பதில்கள், கையெழுத்தான ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள் ஆகியவற்றின் ஒரு பிரதி சிங்கப்பூரில் உள்ள உங்கள் வீட்டார் ஒருவரிடமும் இருக்கவேண்டும்.