மாடிவீட்டுக்கு எந்த உடற்பயிற்சி மெஷின்?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறேன். "பிள்ளை, ட்ரெட்மில் ஒன்று எடுப்பமோ?" என்று கேட்காத வீடு குறைவு. "கடலோர மெரைன் டிரைவ் வீதியில் நடக்கிறதுக்கு என்ன தடை?" என்று நான் திருப்பிக் கேட்பேன். எதை வாங்குவது என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

முழங்கால் நோவுதான் தடை என்றால் ட்ரெட்மில்லும் உதவாது, அதிலும் அதே காலால்தான் நடக்கவேண்டும். உடல் பாரத்தை இருக்கை தாங்கும் சைக்கிள்தான் அவர்களுக்குச் சரி. நாரி நோவு உள்ளவர்கள், வயதானவர்கள் முதுகுச் சாய்வு வைத்த சைக்கிளைப் பாருங்கள். கைக்குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்க்கும், வேலை முடிந்து இருட்டின பிறகு வீடு வருகிறவருக்கும் ட்ரெட்மில் நியாயமான செலவு.

உலக சுகாதார அமைப்பு வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமானது. இதற்குச் சாதாரண சைக்கிளே தாராளம். இருதய வருத்தம், நெஞ்சு நோவு இருந்தால் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

கடைக்குப் போகமுன் அளவு நாடாவை எடுங்கள். ட்ரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீற்றரும் இரண்டு பக்கமும் அரை மீற்றரும் வெறுமையாக இருக்கவேண்டும். தவறி விழுந்தால் சுவரில் மோதக்கூடாது. எங்கள் வீடுகளில் பலர் மறப்பது சீலிங் ஃபேனை. காற்றுக்காக மெஷினை அதற்கு நேர்கீழே போடுகிறார்கள். நின்றபடி காலால் மிதித்துக் கையால் தள்ளும் கிராஸ் ட்ரெய்னரில் ஏறினால் பெடல் எழும்பும் உயரமும் உங்கள் உயரத்தோடு சேரும். அதையும் கூட்டிப் பாருங்கள். படகு வலிக்கும் மெஷின் பெரும்பாலும் 2 மீற்றருக்கு மேல் நீளம். சின்ன ஹோலுக்குச் சரிவராது.

சைக்கிளில் காந்தத் தடை, அதாவது மிதிக்கும் இறுக்கத்தைக் காந்தத்தால் கூட்டிக் குறைப்பது, உள்ளதையே கேளுங்கள். தேய்கிற பட்டை இல்லாததால் சத்தம் குறைவு, கீழ்வீட்டுக்காரருக்கும் நிம்மதி. திரைக்கு பற்றரி போதும் என்ற மாதிரிகள் உண்டு. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில்கூட அவற்றில் மிதிக்க முடிந்தது. கடையிலேயே ஏறி இருந்து, கீழே வந்த பெடலில் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடியும். அந்த அளவுக்கு இருக்கையை உயர்த்த முடியாவிட்டால், எவ்வளவு மலிவென்றாலும் அந்தச் சைக்கிள் உங்களுக்கு வேண்டாம்.

ட்ரெட்மில்தான் என்று முடிவெடுத்தால், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் குதிரைவலு ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். நடைக்கு 2 குதிரைவலு போதும். பட்டி 45 சென்ரிமீற்றர் அகலம், 120 நீளமாவது இருக்கட்டும். ஓடுபவர்களுக்கு 140 வேண்டும். மெஷின் தாங்கும் நிறை உங்கள் நிறையை விட நன்றாகக் கூட இருக்கவேண்டும். பட்டிக்கு அடியில் போடுவது சிலிக்கன் எண்ணெய். தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ போடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், பாதுகாப்புச் சாவியை (அது இல்லாமல் பட்டி ஓடாது) கழற்றி உயரத்தில் வையுங்கள். ஓடுகிற பட்டியில் பட்டால் பிஞ்சுக் கையின் தோல் உரிந்துவிடும்.

கனடாவிலிருந்து அண்ணா அனுப்புகிறேன் என்றால், அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. ட்ரெட்மில் இழுக்கும் மின்சாரத்துக்குப் பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். பிறகு பழுதானால் பாகத்துக்கு எங்கே போவது?

காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. மெஷினை ஜன்னலோரம் வைக்காமல், பயிற்சி முடிந்தவுடன் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் விற்கும் பழைய மெஷினில் முதலில் திருகாணிகளிலும் பற்றவைத்த இடங்களிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரெட்மில் என்றால் நீங்களே ஏறிக் கால்மணி நேரமாவது நடந்து பாருங்கள். எரிந்த மணம் வந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கினால் மோட்டாருக்கு எத்தனை வருடம், திருத்துகிற கூலிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பெட்டி உங்கள் லிஃப்டுக்குள் போகுமா, போகாவிட்டால் படியால் தூக்கித் தருவார்களா என்பதையும் காசு கட்டமுன் கேளுங்கள்.