இங்க்ஜெட் அச்சில் நிறம் மாறினால் காரணத்தைக் கண்டறியும் முறை

அச்சிட்ட புகைப்படத்தில் முகங்கள் பச்சையாகவோ அளவுக்கு மீறிச் சிவந்தோ தெரிந்தால், பலரும் உடனே படத்தின் நிறங்களைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்யவே கூடாது. பிரிண்டரின் கோளாறுக்கு ஏற்பப் படத்தை மாற்றிவிட்டால், கோளாறு நீங்கிய பிறகு அந்தப் படமே தவறாகிவிடும். மை, தாள், நிற அமைப்பு, திரை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து பார்க்க வேண்டும்.

முதலில், பிரிண்டரின் பராமரிப்புப் பகுதியிலுள்ள நாசில் (மை வெளிவரும் நுண்துளை) சோதனைப் பக்கத்தைச் சாதாரணத் தாளில் அச்சிடுங்கள். ஏதேனும் ஒரு நிறத்தின் கோடுகள் இடையிடையே அறுந்திருந்தால், அந்த மை வரும் துளைகளில் சில அடைபட்டுள்ளன என்று பொருள். மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) குறைந்தால் படம் பச்சைக்கும், சயான் (பச்சை கலந்த நீலம்) குறைந்தால் சிவப்புக்கும், மஞ்சள் குறைந்தால் நீலத்துக்கும் சாயும். அச்சுத் தலையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஒன்றிரண்டு முறை செய்து, ஒவ்வொரு முறையும் சோதனைப் பக்கத்தை மீண்டும் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் சில மணி நேரம் விட்டுவைத்த பின் மறுபடி முயல்வது நல்லது. தொடர்ந்து செய்துகொண்டே இருந்தால் மை வீணாகிக் கழிவு மை தேங்கும் பஞ்சுதான் நிரம்பும்.

அடுத்தது தாள். டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் நிரல்) நீங்கள் தேர்ந்தெடுக்கும் தாள் வகையைப் பொறுத்தே பிரிண்டர் எவ்வளவு மை விட வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. ஆகவே, பளபளப்பான தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று குறித்தால் நிறங்கள் வெளிறும். பூச்சு உள்ள பக்கத்தில்தான் அச்சு விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை சரியாக இருந்தும் படம் முழுவதும் ஒரே நிறச் சாயல் படர்ந்திருந்தால், பெரும்பாலும் நிறத் திருத்தம் இரண்டு முறை நடந்திருக்கும். நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். போட்டோஷாப் போன்ற மென்பொருள் ஐசிசி புரொஃபைல் என்ற நிற விவரக் கோப்பைக் கொண்டு நிறங்களை மாற்றி அனுப்ப, டிரைவரும் தன் பங்குக்கு அவற்றை மீண்டும் மாற்றுகிறது. நிறத்தை மென்பொருள் கவனிப்பதாக இருந்தால் டிரைவரின் நிறத் திருத்தத்தை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். டிரைவரே கவனிப்பதாக இருந்தால் மென்பொருள் அதில் தலையிடக் கூடாது. புரொஃபைல் என்பது குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள் ஆகிய மூன்றின் சேர்க்கைக்கு உரியது. எனவே வேறு நிறுவனத்தின் மையை நிரப்பியபின் பழைய புரொஃபைல் சரியான நிறத்தைத் தரும் என்று எதிர்பார்க்க இயலாது. படம் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வரம்பில் இருந்து, அச்சிடும் மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்ற குறுகிய வரம்பாக எடுத்துக்கொண்டால் நிறங்கள் மங்கும்.

சாயலைக் கண்டறிய, சாம்பல் நிறப் படிகள் கொண்ட படம் ஒன்றை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையிலேயே வைத்து, கறுப்பு வெள்ளை அச்சுத் தேர்வை நீக்கிவிட்டு அச்சிடுங்கள். வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தப்பும் சிறு சாயலும் சாம்பலில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

சாம்பல் சரியாக வந்தும் படங்கள் இருட்டாக இருந்தால், திரை அளவுக்கு மீறி ஒளிர்கிறது எனலாம். அச்சோடு ஒப்பிடுவதற்கு, சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரையிலான ஒளிர்வு பொதுவாகப் பொருந்தும். அச்சை மஞ்சள் விளக்கின் கீழ் வைத்து மதிப்பிடாமல், மை நன்கு உலர்ந்தபின் பகல் வெளிச்சத்திலோ அதைப் போன்ற வெள்ளை ஒளி தரும் 5000 கெல்வின் விளக்கிலோ பாருங்கள். திரையில் பளிச்சிடும் சில நீலங்களும் பச்சைகளும் தாளில் எப்படியும் வராது. அது பழுதன்று, மையின் எல்லை. இத்தனைக்கும் பிறகு எஞ்சும் சிறு வேறுபாட்டுக்கு மட்டும் படத்தின் நகல் ஒன்றில் திருத்தம் செய்து, முழுத் தாளுக்கு முன் ஒரு சிறு துண்டில் அச்சிட்டுப் பாருங்கள்.