வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

சென்னை சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்க வேண்டாம், சொந்த ஊரிலேயே இருந்து சம்பளம் வாங்கலாம். வொர்க் ஃப்ரம் ஹோம் என்றதும் எல்லோருக்கும் அதுதான் முதலில் தோன்றும், நியாயமும்தான். ஆனால் போகவர மிச்சமான அந்த நேரத்தையும் சேர்த்து ஆபீஸுக்கே கொடுத்துவிடுகிறோம் பாருங்கள், அதுதான் பெரிய தவறு, மற்ற தொந்தரவுகள் பலவும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. பல் துலக்கும் முன்பே லாகின், ராத்திரி தட்டுக்குப் பக்கத்தில் "ஒரு சின்ன கால்", படுத்த பிறகும் மெயில். அமெரிக்க கிளையண்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். வீட்டில் மணிக்கணக்கை யார் பார்க்கிறார்கள், 55ஐத் தாண்டியதே தெரியாது. அதனால் எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று டீமிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த நேரம் வந்ததும் லேப்டாப்பை மூடிப் பையில் போடுங்கள், போனில் ஆபீஸ் நோட்டிபிகேஷனையும் அணைத்துவிடுங்கள். எல்லா மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தான், ஆனாலும் கேட்டுப் பார்க்காமலே விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வது. அதில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். விலை அதிகமான நாற்காலி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். தடித்த புத்தகங்களை அடுக்கித் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொள்ளுங்கள், இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும். அப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்க வேண்டும், ஏனென்றால் பஸ் ஸ்டாப், கேண்டீன் என்று ஆபீஸ் நாட்களில் தானாக நடந்த நடை இப்போது இல்லை. கண்ணுக்கு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பாருங்கள்.

இன்னொரு தவறு, வீட்டில் மற்றவர்கள் செய்வது. "வீட்டிலதானே இருக்கே" என்று சிலிண்டர் வாங்குவது முதல் பிள்ளையின் வீட்டுப்பாடம் வரை பெண்கள் தலையிலேயே கட்டுவது. மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டுத் தாளிப்பவரால் இரண்டு வேலையிலும் மனசு வைக்க முடியாது, சாயங்காலம் எரிச்சல்தான் மிஞ்சும். யார் எதைச் செய்வது என்று பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தனிமையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கக் கால் பேசினாலும் அது வேலைப் பேச்சுதான். தினமும் ஒருவரிடமாவது வேலை சம்பந்தமில்லாமல் பேசுங்கள், வெயில் தாழ்ந்ததும் வெளியே போய் வாருங்கள். தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச ஆள் வேண்டும் என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.