கடனா, பங்கு முதலா: வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் விதம்

"வட்டிக்கு வரி மிச்சமாகுமே, கடனாகவே வாங்கிவிடலாமா?" கம்பெனிகளுக்கு நிதிக் கணக்குப் பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. மிச்சமாகும்தான். வட்டி செலவாகக் கழிந்துவிடும். பங்கு முதல் போட்டவர்களுக்குத் தரும் டிவிடெண்ட், வரி கட்டியபின் மிஞ்சும் லாபத்திலிருந்து போகும். பொருளாதார அறிஞர்கள் மோடிலியானியும் மில்லரும் 1963-லேயே இந்தச் சலுகையைத் தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் உங்கள் கம்பெனிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், சட்டப் புத்தகத்தில் உள்ள வரி விகிதத்தை அப்படியே எடுக்காதீர்கள். பழைய நஷ்டம் பாக்கியிருந்தாலோ வரி விடுமுறை (சில ஆண்டுகளுக்கு வரி இல்லை என்ற சலுகை) ஓடினாலோ, இந்த ஆண்டு வட்டியால் மிச்சமாவது ஒன்றுமில்லை. விகிதம் மாறினாலும் கதை மாறும். அமெரிக்கா 2018 முதல் கம்பெனி வரியை 35 சதவீதத்திலிருந்து 21-ஆகக் குறைத்தது. ஒவ்வொரு 100 வட்டிக்கும் மிச்சமான 35, ஒரே வெட்டில் 21 ஆனது.

அடுத்து, பணம் போட்டவரின் கை வரை போய்ப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. லாபம் 100, கம்பெனி வரி 25%, டிவிடெண்ட் வரி 20% என்றால் பங்குதாரர் கையில் நிற்பது 60. அதே 100 வட்டியாகப் போய், கடன் கொடுத்தவர் 30% வரி கட்டினால் அவருக்கு 70. கடனுக்கே வெற்றி. சரி, லாபத்தைப் பிரிக்காமல் கம்பெனியிலேயே வைத்து, பங்குதாரர் பிற்பாடு பங்கை விற்கும்போது கட்டும் வரி 5% அளவில்தான் விழுகிறது என்று வையுங்கள்: அவருக்கு 71.25. இப்போது பங்கு முந்திவிட்டது! வேகமாக வளரும் கம்பெனிக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும்.

மூன்றாவது, வட்டி உச்சவரம்பு. என் நேரத்தில் பாதி இதற்கே போகிறது. வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தில், அதாவது எபிட்டாவில், 30 சதவீதம் வரைதான் நிகர வட்டியை (கொடுத்த வட்டியில் வாங்கிய வட்டி போக மீதி) கழிக்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. நிகர வட்டி 30 லட்சம் யூரோ வரை இருந்தால் நாடுகள் இந்த வரம்பிலிருந்து விலக்குத் தரலாம். இந்தியாவிலும் அதே 30 சதவீதம் உண்டு. ஆனால் அது முக்கியமாக வெளிநாட்டு உறவு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வட்டிக்கு.

நல்ல ஆண்டில் இந்த வரம்பு கண்ணிலேயே படாது. எபிட்டா 150, வட்டி 40 என்றால் வரம்பு 45; முழுவதும் கழிந்துவிடும். வியாபாரம் படுத்து எபிட்டா 60 ஆகட்டும். வரம்பு 18. தேய்மானம் 15, வட்டி 40 போக உண்மையான லாபம் வெறும் 5. வரி அதிகாரி பார்க்கும் லாபமோ 60-இல் 15-உம் 18-உம் போக 27. அதற்கு 25% வரி 6.75. ஐந்து சம்பாதித்து ஆறே முக்கால் வரி! கழிக்காத 22-ஐப் பின்வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுபோகப் பல நாடுகள் விடுகின்றன, ஆனால் கையில் காசில்லாத ஆண்டில் அதை வைத்து என்ன செய்வது? அதனால் மோசமான ஆண்டின் கணக்கையே முதலில் போடச் சொல்வேன்.

தாய்க் கம்பெனியிடமே கடன் வாங்கினால், திருப்பித் தரும் தேதி, சந்தையை ஒட்டிய வட்டி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் "இது கடனல்ல, பங்கு முதல்" என்று வரித்துறை மறுத்துவிடலாம்.

பங்கு முதலுக்கும், உண்மையில் யாருக்கும் கொடுக்காத ஒரு கற்பனை வட்டியைக் கணக்கிட்டுக் கழிக்க விட்ட நாடுகள் உண்டு. பெல்ஜியம் 2006-இல் தொடங்கியது, இத்தாலி 2011-இல். இரண்டுமே பின்னர் அதைக் கைவிட்டன. பத்தாண்டுத் திட்டத்தை இத்தகைய சலுகையை நம்பிப் போடுவது எனக்குப் பிடிக்காது.

அப்புறம், கையெழுத்துப் போடும் முன் கடன் ஒப்பந்தத்தில் ஒன்றைத் தேடுங்கள்: வரிச் சட்டம் மாறினால் கடனை முன்கூட்டியே அடைக்க முடியுமா, அதற்கு அபராதம் எவ்வளவு?